பெயரை மறைத்துத்தான் போட்டேன்

மார்ச் 4

கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே போனில் கார் பந்தயம் விளையாடும் எங்கள் ஊர்க் குழுவைப் பார்த்தேன். நேற்றைய பந்தயத்திலும் ஆமைதான் கடைசி. ஆறு வருடமாக அப்படித்தான். அந்தப் பெயரே அதனால் வந்தது. முகம் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு ஆபரேஷன் ஆனபோது தினமும் "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டவன் அவன் ஒருவன்தான்.

மார்ச் 9

குழுவில் விளையாட்டுப் பேச்சே குறைந்துவிட்டது. செய்தி, அதை வைத்துச் சண்டை, மறுபடி செய்தி. இன்று குடிதண்ணீர். குழாய்த் தண்ணீர் கெட்டுவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். எல்லாம் புரளி என்கிறார் வக்கீல் — கோர்ட்டுப் பக்கமே போகாதவர், எதற்கும் வாதாடுவதால் அப்படிக் கூப்பிடுகிறோம்.

ஆமை எனக்கு மட்டும் தனியாக அனுப்பினான். குடிநீர் நிலையத்துச் சோதனைக்கூடத்தில் வேலை அவனுக்கு.

"அக்கா, பத்து நாளைக்குத் தண்ணிய நல்லாக் காய்ச்சிக் குடிங்க. நேத்து மதியம் நானே சோதிச்சேன், சரியில்ல. மேல சொன்னேன், வாய மூடிட்டு இருன்னுட்டாங்க. உங்களோட வச்சுக்கோங்க."

மார்ச் 10

எதற்கும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று குழுவில் எழுதினேன். "மூக்குக்கண்ணாடி விக்கிறவங்களுக்குத் தண்ணியப் பத்தி என்ன தெரியும்?" என்று வக்கீல் கேட்டார். முப்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பொங்கிவிட்டது எனக்கு. ஆமை அனுப்பியதை அப்படியே படமெடுத்துக் குழுவில் போட்டேன். பெயரை மறைத்துத்தான் போட்டேன்.

வக்கீல் வாயடைத்துப் போனார். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 11

படம் ஊரெல்லாம் சுற்றுகிறது.

மார்ச் 13

தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அதிகாரிகளே அறிவித்துவிட்டார்கள். குழுவில் எனக்குப் பாராட்டு மழை. வக்கீல்கூட, "தப்பு என்மேலதான்" என்றார்.

ஆமையிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 16

அவன் தெருக்காரர் ஒருவர் குழுவில் இருக்கிறார். அவர் சொல்லித்தான் தெரிந்தது — ஆமையை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். 'நேத்து மதியம் நானே சோதிச்சேன்.' அன்று மதியம் அங்கே இருந்தது ஒரே ஆள். பெயரை மறைத்து என்ன?

அய்யோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது அவன், வாய் என்னுடையது.

ஊருக்கு நல்லதுதானே நடந்தது? நடந்தது. ஊருக்காகவா போட்டேன்? இல்லை. ஒருத்தரை மட்டம் தட்டப் போட்டேன்.

மார்ச் 22

விலாசம் கேட்டு வாங்கி அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வேலை தேடிப் போயிருந்தான். கதவைத் திறந்தது அவன் மனைவி, இடுப்பில் குழந்தை. நான் யாரென்று சொன்ன பிறகும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி எடுத்துப் போட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"எங்கிட்டகூடக் காய்ச்சுன்னு மட்டுந்தான் சொன்னாரு. ஏன்னு கேட்டா, சொல்லக்கூடாதுன்னுட்டாரு," என்றாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "உங்ககிட்ட சொல்லியிருக்காரு."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்டேனா? நினைவில்லை.

மார்ச் 23

ஒரு பெரியவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். முதலாளி திட்டினார். திட்டட்டும்.

ஏப்ரல் 18

ஆமை எழுதியிருக்கிறான்.

"அக்கா, வேற ஊர்ல வேல கெடச்சிருக்கு. நாளைக்குக் கெளம்புறோம். உங்க மேல கோவம் இல்ல, நாலு பேருக்கு நல்லதுதான் ஆச்சு. ஆனா உங்ககிட்ட இனிமே முன்ன மாதிரிப் பேச வராதுக்கா."

பெரிதாக ஒன்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். எதை அனுப்பினாலும், 'பரவால்லக்கா' என்று அவன்தான் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

"சரிப்பா" என்று மட்டும் அனுப்பினேன்.