கடைசி அட்டையில் இருந்தது

மயூர் விஹார்
24.11.2001

பிரபாவுக்கும் மாப்பிள்ளை அருள்ராஜுக்கும் அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே உடம்பளவில் இருவரும் சௌக்கியம், மனசைப் பற்றிக் கேட்காதே. டிசம்பர் பதினான்காம் தேதி டொராண்டோவிலிருந்து வருகிறோம், ஹோட்டலில் தங்கிக்கொள்கிறோம், அப்பா சரி என்றால் மட்டும் வீட்டுக்கு வருகிறோம் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை உன் அப்பா படித்து மடித்து டிவி மேல் வைத்து ஒன்பது நாள் ஆகிறது. சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

இதற்கு நடுவில் நம் காலனித் தமிழ் மன்றத்தில் ஒரு பழைய சுவீடன் நாட்டு ஊமைப்படம் போட்டார்கள். பேச்செல்லாம் திரையில் எழுத்து அட்டையாக வரும், அந்தப் பாஷை நமக்கு யாருக்குத் தெரியும்? அட்டை வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று தமிழில் வாசிக்க உன் அப்பாவைக் கூப்பிட்டார்கள். படம் ஒரு நாவலிலிருந்து எடுத்ததாம். இவர் லைப்ரரியிலிருந்து அந்த நாவலை இங்கிலீஷில் எடுத்து வந்து, நாற்பது காகிதத்தில் வசனம் எழுதிவிட்டார். படம் கைக்கு வந்ததே போடுகிற அன்று மாலைதான். ஒரு தடவை போட்டுப் பாருங்கோ என்றேன், புஸ்தகத்தில் இருப்பதுதானே படத்தில் இருக்கும் என்று எரிந்து விழுந்தார். கதை என்ன தெரியுமா, மர வியாபாரி ஒருவன், தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று பெற்ற மகளை ஒதுக்கி வைக்கிறான். கடைசியில் அவள் பனியில் வந்து கதவைத் தட்டுகிறாள். நாவலில் அவன் திறப்பதில்லை.

படத்தில் திறந்துவிட்டான் பிரபா. பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறான், அட்டை வருகிறது, உன் அப்பா தலையே நிமிராமல் காகிதத்தைப் பார்த்து, இந்த வீட்டில் எனக்கு மகள் இல்லை என்று உரக்க வாசிக்கிறார். ஹாலே சிரித்தது. ப்ரொஜெக்டர் பக்கத்தில் நின்ற சுப்பு, சார், அவர் கதவைத் திறந்துட்டாரு சார் என்று கத்தினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் போனில் உன்னிடம் அவர் சொன்னதும் அதே வார்த்தைதானே. சுப்பு கத்தின பிறகுதான் உன் அப்பா திரையை நிமிர்ந்து பார்த்தார். காகிதங்களை அடுக்கிக் கட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் படம் கொடுத்தவர்களுக்குப் போன் செய்து, அந்த அட்டையில் என்னதான் எழுதியிருந்தது என்று கேட்டார். வெளியே குளிர், உள்ளே வாம்மா என்று இருந்ததாம். படம்தான் திரும்பிப் போய்விட்டதே, இவர் என்னவோ கடைசிக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, புதிதாக அதை எழுதிக் காகிதக் கட்டுக்குள் செருகி வைத்திருக்கிறார். உன் கடிதம் மட்டும் இன்னமும் டிவி மேலேயே கிடக்கிறது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நீங்கள் நேரே வீட்டுக்கு வாருங்கள், கதவை நான் திறக்கிறேன், வருவது வரட்டும். ஸ்வெட்டர் மறக்காதே. இதைத் தபாலில் சேர்க்கப் போவது அவர்தான் என்பதால், கவரை ஒட்டாமல் அவர் கண்ணாடிக்கு அடியில் வைக்கிறேன். படித்தால் படிக்கட்டும். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
வைதேஹி

பிரபா, ஹோட்டல் வேண்டாம். இங்கே குளிர் அதிகம். உங்கள் இருவரையும் அழைத்துவர ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன். எத்தனை மணிக்கு என்று எழுது.
அப்பா