கல்மாவும் ஓர் அச்சு வெல்லமும்

இன்று கடைத்தெருவில் புது வெல்லத்தின் வாசனை. கடைக்காரர் ஓர் அச்சை நீட்டி, "ருசி பாருங்க" என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் உன் நினைவுதான்.

சென்னையில் ஒரே விடுதியில் இருந்து படித்தோம். நீ மருத்துவம், நான் ரசாயனம். பிறகு நீ டாக்டராக, நான் பள்ளி ஆசிரியையாக, இருவருக்கும் புதுக்கோட்டையே வாய்த்தது. விராலிமலை சாலையில் இருந்த வெள்ளைக்கல் ஆலைக்கு வாரம் ஒருமுறை வைத்தியம் பார்க்கப் போவாய். பள்ளி விடுமுறைகளில் நானும் வருவேன். கல்லை மாவாக அரைத்துச் சலிக்கும் கொட்டகைக்குள் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. மாலையில் இயந்திரத்தை நிறுத்தி, வெளியே வைத்து ஆளுக்கோர் அச்சு வெல்லம் கொடுப்பார்கள். நெஞ்சில் படிந்த தூசியை அது இறக்கிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். முதலாளியிடம் பேசி அந்த ஏற்பாட்டைச் செய்தவள் நீ.

"சாப்பாடு போகிற வழி வேறு, மூச்சு போகிற வழி வேறு. டாக்டருக்கு இது தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும்டி, ரசாயன டீச்சர். ஓய்வு கொடுங்கன்னு கேட்டேன், முடியாதுன்னார். வெல்லம்னா தர்மமாச்சே, சரின்னுட்டார். திங்கிற நேரமாவது நல்ல காத்து வாங்கட்டும்."

எனக்கு அது பிடிக்கவில்லை.

மாவு சலிக்கும் சின்னம்மாளுக்கு நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கும். வெளியே சாக்குத் தைக்கும் வேலைக்கு மாறச் சொன்னாய்.

"அங்கிட்டுப் போனா பேச்சுத்துணைக்கு ஆளில்ல. அதான் வெல்லம் திங்கிறேன்ல டாக்டரம்மா, ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "என் பொய்தான் அவளை உள்ளே உட்கார வச்சிருக்கு" என்றாய்.

அடுத்த வாரம் எல்லோரையும் கூட்டி, வெல்லம் நெஞ்சுக்கு எதுவும் செய்யாது, தூசியை விட்டு விலகுவதுதான் மருந்து என்று சொன்னாய். "கெடைக்கிறதையும் கெடுக்க வந்துட்டாங்க" என்று ஒருவர் உன் காதுபடவே சொன்னார். முதலாளி வெல்லத்தை நிறுத்தினார். உன்னையும் வர வேண்டாம் என்றார்.

சின்னம்மாள் சாக்குத் தைக்கப் போனாள். ஒருநாள் உன் வீட்டுக்கு வந்தாள்.

"இப்பவும் அந்த நேரத்துக்கு எல்லாரும் வெளிய வந்து நிக்கிறாக டாக்டரம்மா. என்னன்னு கேட்டா, காத்துக்குங்கிறாக. மேஸ்திரி கத்துறாரு, கத்தட்டும்."

சொல்லி முடிப்பதற்குள் இடையில் நின்று நின்று மூச்சு வாங்கினாள். நெஞ்சுக்குள் போன மாவு இனி வெளியே வராது. நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். சரியாகிவிடும் என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லவில்லை.

உன் கடைசி நாட்களில், கட்டிலில் கிடந்தபடி என் முகத்தைப் பார்த்தாய். நானும் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை, உன் கையைப் பிடித்துக்கொண்டேன். யாருக்கும் ஆறுதல் சொல்ல எனக்கு இன்றும் வேறு வழி தெரியவில்லை.