கீழ்த்தளத்துக்கு ஒரு கேமரா

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீ அனுப்பிய இரண்டு கேமராக்களின் விவரமும் கிடைத்தது. கேமராக் கடையில் வேலை பார்க்கிறாய் என்பதற்காக அக்காவுக்கு ஒரு பக்கம் முழுக்கவா பாடம் எடுப்பாய்? ஆனாலும் புரிந்தது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற கேமரா எனக்கு வேண்டாம். லென்ஸ் அகலமாகத் திறக்கிற, சென்சார் பெரிதாக இருக்கிற, மங்கலான வெளிச்சத்திலும் படம் பிடிக்கிற அந்த மற்றதையே அனுப்பு. படம் புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை. பூட்டு தெரிந்தால் போதும்.

எதற்கு என்று கேட்டிருந்தாய். எங்கள் தையல் கம்பெனியில் மெஷின்களும் நானும் மேல்தளத்தில். கீழ்த்தளத்தில்தான் துணி வெட்டுவதும் இஸ்திரி போடுவதும். இறங்க ஒரே மாடிப்படி. ஆபத்துக்கென்று பின்னால் ஒரு கதவு உண்டு. துணி திருட்டுப் போகிறதாம், அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். போன மாதம் இஸ்திரி மேசை வயர் எரிந்து ஒரே புகை. பெண்கள் எல்லாரும் அந்தக் கதவுக்கு ஓடி, பூட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். யாரோ மெயினை அணைத்ததால் பிழைத்தோம். புகார் போய், தொழிலாளர் அதிகாரி வந்தார். அன்றைக்குப் பார்த்து கதவு ஆவென்று திறந்து கிடந்தது! ஆதாரம் இருந்தால் கொண்டு வாருங்கள், பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதனால் கேமரா என் டிபன் டப்பாவுக்குள் அடங்க வேண்டும். ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது, சத்தம் கேட்கக் கூடாது.

அந்தச் சாவி உன் அத்தானிடம்தான் இருக்கிறது. ஸ்டோர் பொறுப்பு அவருடையது. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு, ரெண்டு பேர் பிழைப்பும் போயிடும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். பார்சலை வீட்டுக்கு அனுப்பாதே. பக்கத்துத் தெரு மருந்துக்கடை விலாசத்துக்கு அனுப்பு.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

கேமரா வந்தது. டப்பாவில் சாப்பாட்டுக்குப் பதில் அதை வைத்துக்கொண்டு போனதில் அன்று மதியம் பட்டினி.

நீ சொன்னபடியே ஃப்ளாஷை அணைத்தேன், சத்தத்தை அணைத்தேன். கீழே துணிக்கட்டுகளுக்குப் பின்னால் நின்று பட்டனை அமுக்கினேன். கேமராவின் முகத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் பாய்ந்து கதவில் விழுந்தது. இருட்டில் ஃபோகஸ் பிடிக்க அதுவாகவே எரியுமாம். உன் கடையில் எப்போதும் பளீரென்று விளக்கு, அங்கே அது எரிந்தே இருக்காது. நானும் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் எடுத்துப் பார்த்தேன். நம் இரண்டு பேருக்குமே தோன்றாமல் போய்விட்டது.

கதவருகே குனிந்து சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தது உன் அத்தான். வெளிச்சம் பட்டதும் திரும்பி நேரே என்னைப் பார்த்தார். அப்போதுதான் படம் விழுந்தது. மற்ற படமெல்லாம் ஆடிப்போயிருக்கிறது. அது ஒன்றுதான் தெளிவு.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், டிவி பார்த்தார், தூங்கினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன். பயமாக இருக்கிறது, தம்பி. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எனக்குக் கோபம் வந்திருக்கிறது, சிரிப்பு வந்திருக்கிறது. பயம் வந்ததில்லை.

மறுநாள் காலையில் என் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்களாம், இஸ்திரி மேசைக்கு. யார் சொல்லி மாற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. எரிந்த வயரின் மேல் டேப் சுற்றி அதையேதான் ஓட்டுகிறார்கள். எல்லா இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாகச் சூடேறும்போது ஒரு கருகல் வாடை வருகிறது. கூட வேலை செய்கிற பெண்கள் பழகிப்போச்சு என்கிறார்கள்.

மெமரி கார்டை இந்தக் கவருக்குள்ளேயே ஒட்டியிருக்கிறேன். அவர் முகத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். பூட்டும் முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முகத்தை வெட்டினால் பூட்டும் போய்விடும். முழுதாகவே கொடுத்துவிடு.

எனக்குப் பதில் எழுதிக்கொண்டு உட்காராதே. கையில் கிடைத்ததும் நேரே அந்த அதிகாரியிடம் போ. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் கீழே இறங்கிய பிறகுதான் உன் அத்தான் வந்து கதவைப் பூட்டுகிறார். இப்போதெல்லாம் பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறார்.

உன் அக்கா