புஸ், சுருக், குறுகுறு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே உன் உடம்பும் வேலையும் எப்படி? போனில் சொன்னால் பாதியிலேயே 'சரிக்கா, சரிக்கா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போனது உனக்குத் தெரியும். இப்போது ஒன்றிரண்டு சொற்கள் வருகின்றன. ஆனால் எல்லாமே ஓசைதான். தண்ணீர் என்று சொல்ல வரவில்லை, 'மடக் மடக்' என்கிறார். என்னைக் கூப்பிட 'தொணதொண'. என் பெயர் மறந்துவிட்டது, என் குணம் மறக்கவில்லை!

பேச்சுப் பயிற்சி தர வரும் பெண்ணிடம் கேட்டேன். சிலருக்கு இப்படி வருமாம். 'வர்ற சொல்லைப் பிடிச்சுக்கோங்க, விட்டுடாதீங்க' என்றாள். பிடிப்பதுதான் பெரும்பாடு, ஒரே ஓசைக்கு எத்தனையோ பொருள். தண்ணீர் குடிப்பது, வாய்விட்டுச் சிரிப்பது, பாடம் ஒப்பிப்பது, வண்டி ஓடுவது, எல்லாவற்றுக்கும் 'கடகட' என்றே சொல்கிறோம். இத்தனை காலம் பேசியும் எனக்கு இது உறைத்ததே இல்லை.

போன வாரம் அப்பா திடீரென்று 'புஸ்... புஸ்' என்றார். 'என் வாழ்க்கையே புஸ்ஸுனு போச்சுனு சொல்றாருடி' என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். உன் மாமா பாம்பு என்று நினைத்து, கம்பை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தார். நான்காவது மாடிக்குப் பாம்பு லிஃப்டில் வந்திருக்கும் போல! கடைசியில் பார்த்தால், அப்பா படுத்திருந்த காற்று மெத்தையில் ஓட்டை. அப்பா சிரித்த சிரிப்பில் எங்களுக்கும் அடக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் நான் எழுத வந்தது. அன்று நீ பேசியபோது அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அது உனக்குத் தெரியாது. 'அப்பாகிட்ட பேசுறியாப்பா?' என்று கேட்டாள். 'அவருக்குத்தான் பேச்சு வராதே, என்ன பேசுறது' என்று நீ வைத்துவிட்டாய். சற்று நேரத்தில் அப்பா நெஞ்சைத் தொட்டு 'சுருக்' என்றார். நாங்கள் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எல்லாம் சோதித்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா போனைக் காட்டி மறுபடியும் 'சுருக்' என்றார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஊசி குத்தினாலும் சுருக், சொல் குத்தினாலும் சுருக்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதற்குப் பிறகு நடந்ததையும் கேள். போனையே பார்த்துக்கொண்டிருந்தவர் 'குறுகுறு' என்றார். காதில் ஏதோ போய்விட்டது என்று அம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். அப்பா அவள் கையைத் தள்ளிவிட்டார். போனைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து 'குறுகுறு... குறுகுறு' என்றார். கண்ணில் நீர் வழிந்தது. அம்மா டார்ச்சை அணைக்கக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். 'அவருக்கு மனசு உறுத்துதுடி' என்றாள் என்னிடம்.

நீ வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று உங்கள் இருவருக்குள்ளும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் போவதில்லை. ஆனால் தான் செய்தது தப்பு என்று அப்பா வாய் திறந்து சொல்லி நான் பார்த்ததே இல்லை, நீயும் பார்த்திருக்க மாட்டாய். பேச்சு இருந்த காலத்தில் சொல்லாததை, பேச்சு போன பிறகு சொல்லியிருக்கிறார். அது உன் காதுக்கு வராமல் இந்த அறைக்குள்ளேயே நின்றுவிடக் கூடாது, தம்பி.

அடுத்த முறை பேசும்போது போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல். பதில் வர நேரமாகும், வைத்துவிடாதே. என்ன சொல்கிறார் என்று புரியாவிட்டாலும் 'உம்' கொட்டிக்கொண்டிரு. அது போதும் அவருக்கு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வழியையே பார்த்திருக்கும்,
அக்கா