பாலத்து நடுவே அரை மணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் எங்களுக்கு வருகிற முதல் நினைப்பு. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல, எனக்கு வாய்க்கொழுப்பு வழக்கம்போல, ஆகவே இருவரும் சுகம் என்றே வைத்துக்கொள். கூரை ஒழுகலை அடைத்தாயிற்று, எதிர் வீட்டுத் தையல்காரர் மகளுக்குப் பையன் பிறந்திருக்கிறான், அவன் அழுகிற சத்தம் நம் படுக்கையறை வரை வருகிறது, அம்மாவுக்கு அதில் ஒரு சந்தோஷம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஸ்டேஷன் மணிக்கூண்டில் நான் முள்ளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைச் செய்தியில் பார்த்து ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினதாகவும், பேத்தி பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பத்தின் நாடு' என்று ஒரு அட்டை செய்கிறாள், அதில் இந்தப் படத்தை ஒட்டிக் கீழே எழுத இரண்டு வரி வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். பெருமையாக இருக்கிறது அப்பா என்று வேறு எழுதியிருந்தாய். நாலு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். இரண்டு வரியில் அடங்குகிற சங்கதி இல்லை இது.

அந்த மணிக்கூண்டைக் கட்டியவன் நம்மை ஆண்ட அந்நியன். அவன் கப்பலுக்கும் தந்திக்கும் எது வசதியோ அதை நமக்கு நேரம் என்று கொடுத்தான். அவன் போனதும் நம் ஆட்கள் அதை அடிமை நேரம் என்று சொல்லி அரை மணி முன்னால் தள்ளினார்கள். நான் ரயில்வேயில் கடிகார மெக்கானிக்காகச் சேர்ந்த புதிது, முள்ளைத் தள்ளியது என் கைதான், கீழே ஜனங்கள் கைதட்டினார்கள், மேலே நின்று நானும் தட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் பிரிந்து சண்டை தொடங்கினபோது, இந்தக் கரைக்காரன் மாற்றினதை நாம் எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று பழைய நேரத்துக்கே போய்விட்டார்கள். அந்நியன் மேல் ஆசையா என்றால் அதெல்லாம் கிடையாது, இவனுக்கு வயிறு எரிய வேண்டும், அவ்வளவுதான். அந்நியன் போட்டுவிட்டுப் போன அரை மணி அங்கே நாடாகிவிட்டது, அதை வெறுப்பது இங்கே தேசபக்தியாகிவிட்டது. வீடு வீடாக வந்து சுவர்க் கடிகாரத்தைச் சோதித்தார்கள். நான் நம் வீட்டுக் கடிகாரத்தை நிறுத்தியே வைத்தேன், ஓடாத கடிகாரத்துக்குக் கட்சி கிடையாது என்று கிண்டல் செய்வேன், உனக்கு ஞாபகம் இருக்கும்.

நீ மேல்படிப்புக்குப் போன பிறகு நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். உன் அண்ணனுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் வேலை. சண்டை நடந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே, அதனால் அவனைப் போல முப்பது பேருக்குப் பாலத்தைக் கடக்க அட்டை கொடுத்திருந்தார்கள். பாலத்து நடுவில் எல்லோரும் ஒரு நிமிஷம் நிற்பார்கள். போகும்போது அரை மணி பின்னால், வரும்போது அரை மணி முன்னால் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நடப்பார்கள். அண்ணன் கட்டியிருந்தது அவனுக்கு வேலை கிடைத்தபோது நான் வாங்கிக் கொடுத்த, சாவி கொடுக்கிற கடிகாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போடத் திறந்தேன். தினம் இரண்டு தடவை குமிழை இழுத்து இழுத்து முள்ளைத் திருப்பியதில் உள்ளே இருக்கிற தண்டு தேய்ந்து போயிருந்தது. புதுத் தண்டு போட்டேன், தொழில்காரன் கோபம் வந்தது. டேய், இனிமே இதைப் பிடுங்காதே, அந்தப் பக்கத்து நேரத்துலயே விட்டுடு, வரும்போது மனசுக்குள்ள அரை மணி கூட்டிக்கோ, கணக்குப் படிச்சவன்தானே என்று திட்டினேன். சரிப்பா என்று சிரித்தான். எதிர்த்துப் பேசுகிற பிள்ளையாக இருந்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பான்.

ஒன்பதாவது நாள் சாயங்காலம் பிடித்தார்கள். அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்ற நர்ஸ் அம்மா வந்து சொன்னார். சிப்பாய் திடீரென்று மணி என்ன என்று கேட்டிருக்கிறான், அண்ணன் மனசுக்குள் கூட்டி ஆறரை என்று சரியாகவே சொல்லியிருக்கிறான். சிப்பாய் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினால் அதில் ஆறு. வாய் இந்தப் பக்கம், கை அந்தப் பக்கம், நீ யாரோட ஆளுடா என்று கேட்டு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். உன்னிடம் சோதனையில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னோம். நர்ஸ் சொன்னது அம்மாவுக்குத் தெரியும், நான் அவனுக்குச் சொன்னது தெரியாது. அவ்வளவு கவனமான பிள்ளை அன்னிக்கு ஏன் திருப்ப மறந்தான் என்று பதினோரு வருஷமாகக் கேட்கிறாள், நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது சண்டை முடிந்து நாடு ஒன்றாகிவிட்டதாம். வெளிநாட்டு வங்கிக்காரர்களுக்கும் விமானக் கம்பெனிக்காரர்களுக்கும் இந்த அரை மணி தொந்தரவாக இருக்கிறதென்று சொன்னார்களாம், உடனே எல்லோருக்கும் பழைய நேரம் என்று சட்டம் வந்துவிட்டது. அடிமை நேரம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை, ஒற்றுமை நேரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நகரசபைத் தலைவர் வீட்டுக்கே வந்து, அன்னிக்குத் தள்ளின கையே இன்னிக்குத் திருப்பணும், படம் நல்லா வரும் என்றார். முடியாது என்றேன். வாசலில் செருப்பை மாட்டும்போது, உங்க பையன் சாமான் ஏதோ கிடங்குல இருக்கறதா கேள்விப்பட்டேன், பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு நான் ஏன் போனேன் என்று நீ கேட்க மாட்டாய்.

மணி அடிக்கிற கடிகாரத்தில் முள்ளைப் பின்னால் திருப்பக் கூடாது, அடிக்கிற எண்ணிக்கை தப்பிவிடும், அரை மணி நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி ஓட விட வேண்டும் என்று அங்கேயும் சொன்னேன். மந்திரி வெயிலில் அரை மணி நிற்பாரா என்று சிரித்தார்கள். அவர் வந்ததே லேட், பத்து அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. ஒன்பது நாற்பதுக்குத் திருப்பினேன், அதுதான் நீ பார்த்த படம், என் வேலைக்காலம் முழுக்க நான் செய்யாத காரியம். மறுபடி பத்து மணி வந்ததும் கடிகாரம் பதினொன்று அடித்தது. அன்றிலிருந்து ஒன்றைக் காட்டி இன்னொன்றை அடிக்கிறது, மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள். சரி செய்ய எனக்குத் தெரியும். செய்ய மாட்டேன்.

மறுநாள் ஒரு பழுப்பு உறையை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். எங்கே, எப்போது, யார், ஒன்றும் இல்லை. கைக்கடிகாரம் மட்டும். நாலு இருபதில் நின்றிருந்தது, சாவி தீர்ந்து நின்ற நேரம், அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. மேஜையில் வைத்துத் திறந்தேன். நான் போட்ட தண்டு போட்டபடியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. நான் காப்பாற்ற நினைத்தது பத்திரமாக இருக்கிறதம்மா. சாயங்காலம் நாலு இருபது ஆகிற வரைக்கும் மடியில் வைத்திருந்து, முள்ளைத் தொடாமல் சாவி மட்டும் கொடுத்தேன், ஓடுகிறது. இன்றைக்கு அண்ணன் அதைக் கட்டிக்கொண்டு பாலத்தில் வந்தால் எவனும் மணிக்கட்டைப் பிடிக்க மாட்டான். அம்மா அதை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள், கேட்டுவிட்டு, ஏன் திருப்ப மறந்தான் என்று மறுபடியும் கேட்டாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அவளிடம் சொல்லப்போகிறேன். பிறகு அவள் என்னோடு பேசாவிட்டால் நீ போனில் சமாதானம் பண்ண வேண்டாம், அவளுக்கு அந்த உரிமை உண்டு.

பேத்தியின் படத்துக்குக் கீழே இப்படி எழுதச் சொல்: என் தாத்தா இங்கே தன் மகனுடைய கைக்கடிகாரத்தை வாங்குவதற்காக நிற்கிறார். நாட்டைப் பற்றி அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

மாப்பிள்ளையை வண்டி ஓட்டும்போது போன் பேச வேண்டாம் என்று சொல். குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, ஒருத்தரும் மணி கேட்டு நிறுத்தாத இடத்தில், நன்றாக இருங்கள். ஒன்று மறந்துவிட்டேன், எங்கள் நேரத்துக்கென்று சமையலறையில் ஒரு சின்னக் கடிகாரம் வைத்திருக்கிறாயே, அதை அரை மணி பின்னால் திருப்பி வை. மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே. முள்ளையே திருப்பி வை, தேய்ந்தால் தேயட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா