தண்ணீர் நிறம் மாறிய புதன்கிழமை

அன்பு மகள் வெர்னெலுக்கு,

லோடா மலையிலிருந்து அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அந்த ஊர்க் குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க வேண்டும். உயிரோடு என்று எழுதியதைப் படித்துப் பதறாதே. உன் தம்பி டெல்வின் நன்றாக இருக்கிறான், முதுகில்தான் தோல் உரிந்திருக்கிறது. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதி, நாளைக்கு லண்டன் விமானம் ஏறும் மிஸ் ஐவரின் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் இன்னும் உன்னைக் கூப்பிடவில்லை போலிருக்கிறது, கூப்பிட்டிருந்தால் இதற்குள் நீ என்னைத் திட்டியிருப்பாய். அம்மா என்னைக் காட்டிக் கொடுத்துட்டாங்க என்று கட்டாயம் சொல்வான். அதற்கு முன்னால் நடந்ததை என் வாயாலும் கேட்டுக்கொள்.

ஒன்பது நாட்டுப் பிள்ளைகள், இருபத்திரண்டு பேர், பத்து நாள் நம் தீவைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். எல்லாம் பதினெட்டு, இருபது வயது. என் வேன் ஒன்று, கிளிமெண்டின் வேன் ஒன்று. வழிகாட்டி உன் தம்பி. தலைவி ஹன்னேகே என்கிற ஹாலந்துக்காரி, நல்ல மனுஷி, ஆனால் கையில் எப்போதும் நேர அட்டவணை. திங்களும் செவ்வாயும் விடாத மழை, கொதிக்கும் ஏரிக்கு நடப்பது ரத்து, திமிங்கலம் பார்க்கும் படகும் ரத்து. பிள்ளைகள் விடுதியில் அடைந்து கிடந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு தூரம் வந்தது சீட்டாடவா என்று ஒருவன் டெல்வின் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறான். உன் தம்பியைத்தான் உனக்குத் தெரியுமே, யாராவது சிரிக்கவில்லை என்றால் அது தன் குற்றம் என்று நினைப்பவன்.

புதன்கிழமை காலை இங்கே நல்ல வெயில். டீட்டூ பாறை இடுக்குக்குப் போனோம், உள்ளே அருவி வரை நீந்திக் காட்ட. வண்டியை நிறுத்தும்போதே பார்த்தேன், மேலே மிக்கோத்ரன் மலை உச்சி தெரியவில்லை, கரியைப் பூசினது போல மேகம் உட்கார்ந்திருந்தது. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, மேல கொட்டுதுடா, இன்னைக்கு உள்ள இறங்க வேணாம், வெந்நீர் ஊத்துல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிடலாம் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, அம்மா நீ வண்டியப் பாரு, தண்ணிய நான் பாத்துக்கறேன் என்றான். ஹன்னேகே அவனிடம் ஆபத்தில்லையே என்று கேட்டாள். பத்து நிமிஷம், போயிட்டு வந்துடலாம் என்றான். என் காதால் கேட்டேன். அதற்கு மேல் நான் பேசவில்லை மகளே. பிள்ளையை வெளியார் முன்னால் குறைத்துப் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன், அது என் தப்பு.

முதலில் ஏழு பேர் மிதவைச் சட்டை போட்டு அவனோடு உள்ளே நீந்திப் போனார்கள். அந்தப் பாறைச் சுவர்களுக்கு நடுவே இரண்டு கையை விரித்தால் இடிக்கும். நான் வாசலில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையாக இருந்தது சாம்பலாயிற்று. பிறகு சருகு வந்தது, ஒன்று இரண்டாக இல்லை, கொத்துக் கொத்தாக. நான் கத்தினேன், உள்ளே அருவிச் சத்தத்தில் எது கேட்கும்? ஓடிப் போய் வேன் ஹாரனை விடாமல் அழுத்தினேன். நல்ல வேளை, அவனும் சருகைப் பார்த்துவிட்டான். ஒவ்வொருவராக வெளியே தள்ளிக்கொண்டு வந்தான். ஹன்னேகே எண்ணினாள், ஆறு. மறுபடி எண்ணினாள், ஆறு. உருகுவே நாட்டுப் பெண் மிலாக்ரோஸ் அருவியடியிலேயே நின்றுவிட்டாள். நான் டெல்வின் என்று கூப்பிடுவதற்குள் திரும்பி உள்ளே போய்விட்டான், அவன் போன கையோடு உள்ளேயிருந்து தண்ணீர் காப்பி நிறத்தில் ஆள் உயரத்துக்கு வந்தது.

ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் அப்படியே. கிளிமெண்ட் போய் ஊரிலிருந்து ஆட்களைக் கயிறோடு கூட்டி வந்தான், ஒருவராலும் கால் வைக்க முடியவில்லை. ஹன்னேகே என் கையைப் பிடித்த இடம் இன்னும் கன்றியிருக்கிறது. நான் ஜெபிக்கக்கூட இல்லை, தண்ணீர் வழியாக என்ன வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மிதவைச் சட்டை வந்தது, ஆரஞ்சு நிறம், உள்ளே ஆள் இல்லை. அதற்கு மேல் அந்த நேரத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் இரண்டு பேரும் வந்தார்கள். மிதவைச் சட்டை கழன்று போன வெறும் முதுகை ஒரு சுவரிலும் காலை எதிர்ச் சுவரிலும் கொடுத்து, அவளைத் தோளில் ஏற்றி மேல் பாறையில் ஒட்ட வைத்து நின்றிருக்கிறான். அவள் ஸ்பானிஷில் அழ, இவன் நம்ம பாஷையில் சமாதானம் சொல்லியிருக்கிறான், பேசிக்கொண்டே இருந்தோம் என்கிறார்கள் இரண்டு பேரும்.

வெள்ளிக்கிழமை வழிகாட்டி உரிமம் தரும் அலுவலகத்தில் விசாரணை. மழையைப் பற்றி முன்கூட்டி யாராவது எச்சரித்தார்களா என்று அதிகாரி கேட்டார். யாரும் சொல்லல, திடீர்னு வந்துச்சு என்று அவன் எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டிருந்தான். என்னைக் கேட்டபோது அவன் என் முகத்தையே பார்த்தான். நான் சொன்னேன் வெர்னெல். நான் தடுத்ததையும் சொன்னேன், அவன் திரும்பி உள்ளே போனதையும் சொன்னேன். ஹன்னேகே அப்போதுதான் முதல் தடவையாக அந்தப் பேச்சைக் கேட்கிறாள், தலையைக் குனிந்துகொண்டாள். ஆறு மாதம் உரிமம் கிடையாது, மறுபடி பயிற்சி முடித்துத்தான் வர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அவன் என் வண்டியில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறான்.

நேற்று பிள்ளைகளுக்குக் கடைசிச் சுற்றுலா, கலினாகோ பழங்குடியினர் ஊருக்கு. வேறு வழிகாட்டி வந்தார். மிலாக்ரோஸ் காலையிலேயே வீட்டுக்கு வந்து டெல்வின் கையைப் பிடித்து இழுத்து வேனில் ஏற்றிவிட்டாள். கடைசி இருக்கையில் பயணிபோல உட்கார்ந்து வந்தான். பிள்ளைகள் வழியெல்லாம் பாடினார்கள், அவன் பாடவில்லை. பகுவா மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது, வழியில் ஓடை பெருகி ரோட்டைக் கடந்து ஓடிற்று. நான் வண்டியை நிறுத்திவிட்டேன். போகலாமே, சக்கரம்கூட முழுகாது என்று புது வழிகாட்டி சொன்னார். அப்போது பின்னாலிருந்து டெல்வின் சொன்னான், வேணாம், ஓட்டறவங்க நிறுத்துனா நிறுத்துனதுதான். அவ்வளவுதான். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம்தான் சொன்னான். நாற்பது நிமிஷம் அங்கேயே நின்றோம்.

அவன் கூப்பிட்டால் எனக்காக வழக்காடாதே. அவனைப் பேச விடு, அழுதால் அழ விடு. உன்னிடம் வந்துவிடுகிறேன் என்று சொல்வான், வா என்றும் சொல்லாதே, வராதே என்றும் சொல்லாதே. இரவு வேலைக்குப் போகும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள். கன்னி மரியாள் உன்னையும் உன் வீட்டுக் கதவையும் காக்கட்டும். மருந்து போட முதுகைக் காட்ட மாட்டேன் என்கிறான், அதை மட்டும் நீ சொல், நீ சொன்னால் கேட்பான்.

உன் அம்மா,
ஹெர்மினா