அண்ணன் நாட்டுச் சட்டமும் என் நாட்டு ஒரு மாதமும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கோத்தகிரியிலிருந்து அண்ணன் போன். தோட்டத்து ஆட்களை இரண்டு நாடும் பங்கு போட்ட ஒப்பந்தக் காலத்தில் அவருக்கு இந்தியா, எனக்கு கண்டிப் பக்கத்து இந்த ஹுன்னஸ்கிரிய. அன்றிலிருந்து ஒரே சண்டை, எந்த நாட்டுச் சட்டம் பெரியது என்று.

“எங்க பக்கம் ரெண்டு சபை. ஒண்ணு அவசரப்பட்டா இன்னொண்ணு புடிச்சு நிறுத்தும். உங்களுக்கு ஒத்த சபைதானே?”

“எங்க ஜனாதிபதிக்கு நாங்களே ஓட்டுப் போடுறோம். உங்க ஆளு யாருன்னு உங்க தெருவுல தெரியுமா?”

“தெரிஞ்சு என்ன? எங்க ஆளு மந்திரிசபை சொன்னபடி கையெழுத்துப் போடுவாரு. உங்க ஆளு நெனச்சபடி போடுவாரு.”

கோபம். பிறகு எழுதி வைத்தது:

சட்டம் இயற்ற: அங்கே இரண்டு சபை. இங்கே ஒன்று. (இங்கும் மேற்சபை இருந்தது. எடுத்துவிட்டார்கள்.)
ஆள: அங்கே பிரதமர். இங்கே ஜனாதிபதி.
நீதி: அங்கே நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாது எனலாம். இங்கே சட்டமூலமாக (அண்ணன் சொல்லும் மசோதா) இருக்கும்போதே கேட்க வேண்டும். நிறைவேறினால் வாய் திறக்க முடியாது.

மூன்றாவதில் அண்ணன் பக்கம்தான் நல்லது. அவரிடம் சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக் காணி விஷயம் கேட்டார். காணி கொடுக்குமுன் நடக்கும் விசாரணைக்கு வரச்சொன்ன கடிதம் சிங்களத்தில் மட்டும். எனக்குத் தெரியாத எழுத்து. மருமகள் செல்வி கண்டியில் வேலை, வாரம் ஒருமுறை வருவாள். அவள் வாசித்தபோது விசாரணை முடிந்து இரண்டு நாள். வராதவள் என்று காணிப் பட்டியலில் பெயரை வெட்டிவிட்டார்கள். வெட்டிய கடிதமும் சிங்களம். கைக்கு வந்தது ஜூலை 9.

“அடிப்படை உரிமைக்கு நேரா பெரிய கோர்ட்டுக்கே போகலாம். முப்பத்திரண்டாவது பிரிவு. நாள் கணக்கு கிடையாது. நிதானமா எழுது,” என்றார் அண்ணன்.

அவர் அனுப்பிய இந்தியச் சட்டப் புத்தகத்திலும் அப்படித்தான். மனு ஏழு பக்கம் ஆகிவிட்டது. இன்னும் திருத்த வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை விட்டது. தேங்காய் இல்லை. மனுவில் போட நம் நாட்டு 32ஐப் பார்க்க இந்த நாட்டு அரசியலமைப்புப் புத்தகத்தை எடுத்தேன். அலுமாரி அடியில் கிடந்தது. ஜனாதிபதி அத்தியாயம் வந்ததும் கோபத்தில் மூடியது, மூன்று வருடம் திறக்கவில்லை.

32: ஜனாதிபதி பதவியேற்பது. நமக்கு வேண்டியது 126. ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும்.

ஒரு மாதம்.

விரலில் எண்ணினேன். கலண்டரில் எண்ணினேன். கடைசி நாள் ஆகஸ்ட் 8. அன்று போயா, பௌர்ணமி விடுமுறை, எல்லா ஆபிசும் மூடல்.

செல்விக்குப் போன். விசாரித்துச் சொன்னாள். கண்டியில் மனித உரிமை முறைப்பாடு எடுக்கும் அலுவலகம் இருக்கிறதாம். மாதத்துக்குள் அங்கே கொடுத்துவிட்டால், அவர்கள் விசாரிக்கும் நாள்கள் கணக்கில் சேராதாம்.

“நாளைக்கு லீவு தரமாட்டாங்க. வியாழக்கிழமை வாங்க மாமி, நானும் வாறேன்.”

அண்ணனுக்குச் சொல்லவில்லை. அவர் மேல் பிழை இல்லை. அவர் நாட்டுக்கு அவர் சொன்னது சரி. இந்த நாட்டுக் குடியுரிமைக்காக அப்பா எத்தனை வருடம் அலைந்தார். நான் அடுத்த நாட்டுச் சட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறேன், எழுபத்திரண்டு வயதில்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை பஸ் எதுவும் நிற்கவில்லை, பன்னிரண்டு மணி பஸ்தான் கிடைத்தது. கண்டியில் பெரஹரா ஊர்வலக் கூட்டம், வீதியெல்லாம் மறிப்பு. எங்கேயோ இறக்கிவிட்டான். ஓரமெல்லாம் பாய் விரித்து இடம் பிடித்த ஜனம். செல்வி வந்து சேர, நடந்தே போனோம். செருப்பு வார் அறுந்தது. அலுவலகம் சேர மூன்று மணி.

கவுண்டரில் ஒரு தம்பி, மடவளை ஊர்க்காரர். நீட்டிய படிவம் சிங்களம்.

“தமிழ் ஃபோம் முடிஞ்சிட்டும்மா. நான் வாசிச்சுச் சொல்றன், நீங்க சைன் வைங்க.”

“சிங்களக் கடிதத்துக்கு எதிரா சிங்கள ஃபோம்ல கையெழுத்தா? போட மாட்டேன்.”

“மாமி, இன்னைக்கு விட்டா காணி போச்சு.”

“போகட்டும்.”

சொல்லிவிட்டேன். மனதில் அப்படி இல்லை. ஆனாலும் பேனாவைத் தொடவில்லை.

தம்பி கடிகாரத்தைப் பார்த்தார். “இவங்க சட்டம் படிச்சவங்களா?”

“ரெண்டு நாட்டுச் சட்டம் படிச்சவங்க,” என்றாள் செல்வி. “அதான் இந்தப் பாடு.”

அவர் சிரித்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, படிவத்துக் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதத் தொடங்கினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. எழுத்து அழகில்லை. நாலாம் கேள்வியில் ஒரு சொல்லைத் திருத்தினேன்.

“அல்லாஹ்! இப்பவுமா பிழை பிடிக்கிறீங்க?”

பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திகதி முத்திரை விழுந்தது. நாலு மணி பத்து நிமிடம்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் போன். செல்வி சொல்லியிருக்கிறாள்.

“நாள் கணக்கு கிடையாதுன்னு சொன்னேன்ல? எதுக்கு இப்படி ஓடுன?”

“எங்க நாட்டுல உண்டு அண்ணே.”

பிரதி பையில். மனுவின் ஏழு பக்கத்திலும் 32ஐ வெட்டி 126 போட வேண்டும். செருப்பு தைக்க.